ஊர்ப் பெயர் இல்லாத அணி: அத்லெட்டிக்ஸ் இடமாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓக்லாந்தில் 57 சீசன் ஆடிய அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி (செல்லமாக 'ஏஸ்') இப்போது சேக்ரமென்டோ பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. 2028-ல் லாஸ் வேகாஸில் புதுமனை புகுவிழா என்கிறார்கள். பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்கள்கூட இந்தக் கதையை விசாரிக்கிறார்கள். அப்படி வரும் கேள்விகளுக்கு, 2025 சீசன் முடிந்தபோது இருந்த நிலவரத்தை வைத்து எழுதிய பதில்கள் இவை.

இப்போது இது எந்த ஊர் அணி?

சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2025-ல் அணிந்த சட்டையின் ஒரு கையில் சேக்ரமென்டோவின் டவர் பிரிட்ஜ் படம். இன்னொரு கையில் லாஸ் வேகாஸ் என்ற எழுத்து. நெஞ்சில் எந்த ஊரும் இல்லை. அதிகாரப்பூர்வப் பெயரும் வெறும் 'அத்லெட்டிக்ஸ்' மட்டும்தான். ஸ்கோர் பலகையில் எதிரணிக்கு ஊர்ப் பெயர் இருக்கும், இவர்களுக்கு இருக்காது. இருக்கிற ஊரைச் சொல்ல விருப்பமில்லை, போகிற ஊரைச் சொல்ல நேரம் வரவில்லை.

ஓக்லாந்துதானே சொந்த ஊர்?

இல்லை, அதுவும் வந்து சேர்ந்த ஊர்தான். 1901-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய அணி இது. கானி மேக் என்ற ஒரே மனிதர் அங்கே 50 வருஷம் மேனேஜராக (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளர் மாதிரி) இருந்தார். 1955-ல் கான்சஸ் சிட்டிக்குப் போனது, 1968-ல் ஓக்லாந்துக்கு வந்தது. ஆக, லாஸ் வேகாஸ் நாலாவது வீடு. நடுவில் வந்த சேக்ரமென்டோவையும் சேர்த்தால் ஐந்து.

அணியின் சின்னம் ஏன் வெள்ளை யானை என்றும் கேட்பார்கள். 1902-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ரா, ஃபிலடெல்ஃபியா முதலாளி ஒரு வெள்ளை யானையை வாங்கிக் கட்டியிருக்கிறார் என்று கிண்டலடித்தார். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான் என்று அர்த்தம். அணிக்காரர்கள் ரோஷப்பட்டு அந்த யானையையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். உலகக் கோப்பைக்குச் சமமான வேர்ல்ட் சீரிஸை அந்த யானை ஒன்பது முறை ஜெயித்திருக்கிறது. அதில் நாலு ஓக்லாந்தில் வந்தவை: 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று, பிறகு 1989.

ஓக்லாந்து மைதானத்தில் என்னதான் குறை?

குறை என்று ஆரம்பித்தால் பட்டியல் நீளும். கோலிசியம் 1966-ல் திறந்த கான்கிரீட் கிண்ணம். அமெரிக்க ஃபுட்பால் அணியான ரெய்டர்ஸும் பேஸ்பாலும் ஒரே இடத்தில் ஆடுவதற்குக் கட்டியது. 1995-ல் ரெய்டர்ஸ் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து திரும்பி வந்தபோது, அவர்களுக்காக அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் ஒரு பிரம்மாண்ட கேலரியை எழுப்பினார்கள். அதுவரை அங்கே உட்கார்ந்து பார்த்தால் ஓக்லாந்து மலைகள் தெரியும். அதற்கப்புறம் சுவர்தான். ரெய்டர்ஸ் முதலாளி ஆல் டேவிஸ் பெயரால் ரசிகர்கள் அதை 'மவுண்ட் டேவிஸ்' என்று கேலி செய்தார்கள். அந்த ரெய்டர்ஸும் 2020-ல் லாஸ் வேகாஸ் போய்விட்டது. மலை போனது போனதுதான், சுவர் மட்டும் மிச்சம்.

ஆடுகளம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. 2013 ஜூனில் ஒரு ஆட்டம் முடிந்ததும் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்து வீரர்களின் குளியலறைகளில் நிரம்பியது. அத்லெட்டிக்ஸ், சியாட்டில் மரினர்ஸ் இரண்டு அணியினரும் மாடியில் இருந்த ரெய்டர்ஸ் உடை மாற்றும் அறைக்குப் போய், ஒன்றாகக் கியூவில் நின்று குளித்துவிட்டுக் கிளம்பினார்கள். 2023-ல் வெளியூர் வர்ணனையாளர் அறையின் சுவருக்குள் ஒப்போசம் (பெருச்சாளி சாயலில் ஒரு பிராணி) குடியேறி, அந்த அறையையே பயன்படுத்த முடியாமல் போனது.

மைதானம் பழசு, மாற்ற வேண்டியது. இதில் ஓக்லாந்து ரசிகர்களே சண்டைக்கு வரமாட்டார்கள். சண்டை எல்லாம் எங்கே மாற்றுவது என்பதில்தான்.

புது மைதானம் கட்ட அந்தப் பக்கத்திலேயே முயற்சி செய்யவில்லையா?

செய்தார்கள். 2005-ல் லூ வுல்ஃப், ஜான் ஃபிஷர் கூட்டணி அணியை வாங்கியது. ஃபிஷர், கேப் துணிக்கடை நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தின் வாரிசு. முதலில் தெற்கே ஃப்ரீமான்ட் என்றார்கள், 2009-ல் அது கைவிடப்பட்டது. அடுத்து சான் ஹோசே. அங்கே ஆசையும் பணமும் இருந்தது, ஆனால் அந்த வட்டாரத்தின் உரிமை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் கையில் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1990-களின் தொடக்கத்தில் ஜயன்ட்ஸ் தவித்துக்கொண்டிருந்தபோது, அத்லெட்டிக்ஸின் அன்றைய முதலாளி வால்டர் ஹாஸ்தான் அந்த உரிமையை ஒரு பைசா வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அவர் பெருந்தன்மையாகக் கொடுத்தது, பிறகு அவர் அணிக்கே பூட்டாக வந்து நின்றது. சான் ஹோசே நகரம் வழக்கு போட்டும் பார்த்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

2016-ல் அணி முழுக்க ஃபிஷர் கட்டுப்பாட்டுக்கு வந்தது. 'ஓக்லாந்தில் வேர்விட்டவர்கள்' என்று விளம்பரம் செய்தார்கள். 2017-ல் லேனி கல்லூரி பக்கத்து நிலத்தைக் கேட்டார்கள், கல்லூரி நிர்வாகம் மறுத்துவிட்டது. 2018-ல் ஹவர்ட் டெர்மினல் என்ற துறைமுக இடம்: சுமார் 35,000 இருக்கை, 3,000 வீடுகள், கடைகள், ஹோட்டல்கள் எல்லாம் சேர்த்து 1,200 கோடி டாலர் கனவு. துறைமுக லாரிக்காரர்கள் எதிர்த்தார்கள், ரயில் பாதை குறுக்கே ஓடியது, வழக்குகள் நடந்தன. ஆனாலும் 2022-ல் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. சாலை, பாலம் செலவுக்கு அரசு மானியமும் சேர்ந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில், 2021-லிருந்தே அணி நிர்வாகத்தின் தலைவர் டேவ் கேவல் "இரண்டு பாதையிலும் நடக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று ஓக்லாந்து, இன்னொன்று லாஸ் வேகாஸ். 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நிலம் பேசி முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த மாதமே அந்த நிலம் வேண்டாம், வேறு நிலம் என்றார்கள். அதை அப்புறம் பார்ப்போம்.

ரசிகர்களே வருவதில்லை என்றுதானே சொன்னார்கள்?

சொன்னார்கள். 2023-ல் மொத்தம் 8.32 லட்சம் பேர்தான் வந்தார்கள், லீக்கிலேயே கடைசி. ஆனால் 1990-ல் இதே மைதானத்துக்கு 29 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். 2019-ல்கூட 16 லட்சத்துக்கு மேல். நடுவில் என்ன நடந்தது? நல்ல வீரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள், டிக்கெட் விலையைக் கூட்டினார்கள், ஊரைவிட்டுப் போகிறோம் என்று பேசத் தொடங்கினார்கள். 2023-ல் அணி 112 ஆட்டங்களில் தோற்றது. கடையில் சரக்கும் இல்லை, கடைக்காரருக்கு விற்க மனசும் இல்லை, அப்புறம் வாடிக்கையாளர் வரவில்லை என்றால் எப்படி?

இதற்கு ரசிகர்கள் கொடுத்த பதில் எனக்குத் தெரிந்து பேஸ்பால் வரலாற்றிலேயே தனி ரகம். வராமல் இருந்து எதிர்ப்பு காட்டுவதுதானே வழக்கம்? இவர்கள் எல்லோரும் வந்து எதிர்ப்பு காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை ராத்திரி. அந்த சீசனில் பல நாள் ஐயாயிரம், ஆறாயிரம் பேர் மட்டுமே வந்த இடத்தில் அன்று 27,759 பேர். 'விற்றுவிடு' என்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல் பெரிதாக எழுதிய பச்சைச் சட்டைகளை வாசலிலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் மௌனமாக நின்றது. பிறகு ஒரே குரலில் அணியை விற்கச் சொல்லி முழக்கம். அன்று லீக்கிலேயே மிக நன்றாக ஆடிக்கொண்டிருந்த டாம்பா பே ரேஸை 2-1 என்று அத்லெட்டிக்ஸ் ஜெயித்தது.

அதே ஜூன் 13 அன்று நெவாடா மாநில செனட், லாஸ் வேகாஸ் மைதானத்துக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அதே ராத்திரி லாஸ் வேகாஸின் ஐஸ் ஹாக்கி அணி ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது. இரண்டு நாள் கழித்து கவர்னர் ஜோ லொம்பார்டோ மசோதாவில் கையெழுத்துப் போட்டார். லீக் ஆணையர் ராப் மான்ஃப்ரெட்டிடம் ஓக்லாந்துக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு ராத்திரிக்காவது ஏறக்குறைய ஒரு சராசரி லீக் கூட்டம் வந்ததே, நல்லதுதான் என்ற தொனியில் பதில் சொன்னார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது இதுதான்.

ஒரு முதலாளி நினைத்தால் அணியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா?

அவர் மட்டும் நினைத்தால் போதாது. லீக்கின் 30 அணி முதலாளிகளில் நாலில் மூன்று பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். 2023 நவம்பர் 16 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 30-க்கு 30 ஆதரவு. வழக்கமாக வாங்கக்கூடிய இடமாற்றக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இதில் ஊருக்கோ ரசிகருக்கோ ஓட்டு கிடையாது. 1922-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பால், ஏகபோக வணிகத் தடைச் சட்டம் பேஸ்பாலைத் தொடுவதில்லை. அதனால் கோர்ட்டுக்குப் போவதும் கஷ்டம்.

இதற்கு முன் ஒரு பேஸ்பால் அணி ஊர் மாறியது 2005-ல், மான்ட்ரியால் எக்ஸ்போஸ் வாஷிங்டன் போனபோது.

கடைசி ஆட்டம் எப்படி இருந்தது?

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை மத்தியானம். 46,889 பேர். ஓக்லாந்திலேயே வளர்ந்த பழைய நட்சத்திர வீரர்கள் ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்தை வீசினார்கள். டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தார்கள். மேனேஜர் மார்க் காட்சே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, கடைசியாக ஒருமுறை ஊர்ப் பெயரைச் சொல்லிக் கோஷம் போடவைத்தார். கூட்டம் கலையவில்லை. மைதானப் பணியாளர்கள் ஆடுகளத்து மண்ணை அள்ளிக் கொடுக்க, ஜனங்கள் கையில் கிடைத்த கப்பில் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஆடுகளத்துக்கே ஹெண்டர்சன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவர் அந்த டிசம்பரில் காலமானார்.

நேராக லாஸ் வேகாஸ் போகாமல் சேக்ரமென்டோ ஏன்?

ஓக்லாந்து குத்தகை 2024-ல் முடிந்தது, லாஸ் வேகாஸ் மைதானமோ 2028-ல்தான். நடுவில் மூன்று வருஷம் எங்கே ஆடுவது? ஓக்லாந்திலேயே நீட்டிக்கப் பேசிப் பார்த்தார்கள். நகரம் ஐந்து வருஷத்துக்கு 9.7 கோடி டாலர் கேட்டது, அணி அதற்கு வெகு கீழே நின்றது. 2024 ஏப்ரல் 4 அன்று பேச்சை முறித்துக்கொண்டு சேக்ரமென்டோ என்று அறிவித்தார்கள்.

இரண்டு காரணம். ஒன்று, அங்கே இருந்தால் பழைய உள்ளூர் டி.வி. ஒப்பந்தத்தின் பணம் முழுசாகப் போய்விடாது. இன்னொன்று விவேக் ரணதிவே. மும்பையில் பிறந்து, மென்பொருள் தொழிலில் சம்பாதித்து, சேக்ரமென்டோ கிங்ஸ் கூடைப்பந்து அணியை வாங்கியவர். அவருக்குச் சொந்தமான சிறு லீக் (பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே ஆடும் அணிகள்) மைதானத்தைத்தான் அத்லெட்டிக்ஸுக்குக் கொடுத்திருக்கிறார். 2027 வரை, தேவைப்பட்டால் 2028-ம் சேர்த்து. பெரிய லீக்கை ஒருமுறை ஊருக்குள் கூட்டிவந்து காட்டினால், பின்னாளில் நமக்கென்றே ஒரு அணி கிடைக்காதா என்பது அந்த ஊரின் கணக்கு.

அங்கே எப்படிப் போகிறது?

சட்டர் ஹெல்த் பார்க்கில் புல்மேட்டையும் சேர்த்தால் 14,000 பேர் உட்காரலாம். நதிக்கரை, பாலம், புல்மேட்டில் ஜமுக்காளம் விரித்துக் குழந்தைகளோடு பார்க்கும் குடும்பங்கள் என்று சிறு லீக்குக்கு அழகான இடம். பெரிய லீக்குக்குத்தான் சட்டை பிடிக்கிறது. உடை மாற்றும் அறைகள் வெளிச் சுவருக்கு அப்பால் இருப்பதால், வீரர் நடுவில் உள்ளே போக வேண்டுமென்றால் அவுட்ஃபீல்டைத் தாண்டி நடக்க வேண்டும். கோடையில் வெயில் கொளுத்தும். செயற்கைப் புல் போடுவதாக இருந்தார்கள். சூட்டை நினைத்து வீரர்கள் கவலைப்பட்டதால் இயற்கைப் புல்லே இருக்கட்டும் என்று விட்டார்கள்.

2025 மார்ச் 31, முதல் ஆட்டம். சிகாகோ கப்ஸிடம் 18-3 என்று உதை. 6.7 கோடி டாலருக்கு, அதுவரை அணி வரலாற்றில் இல்லாத தொகைக்கு, எடுத்த பந்துவீச்சாளர் லூயிஸ் செவரினோ, இங்கே ஆடுவது பயிற்சி ஆட்டம் மாதிரி இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். சராசரிக் கூட்டம் சுமார் 9,500, மறுபடியும் கடைசி.

ஆனால் அணி நன்றாகத் தேறியிருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 76 வெற்றி. ஜூலை 25 அன்று ஹூஸ்டனில் நிக் கர்ட்ஸ் என்ற புதுப் பையன் ஒரே ஆட்டத்தில் நாலு ஹோம் ரன் அடித்தார். கிரிக்கெட்டில் ஒரே இன்னிங்ஸில் முச்சதம் அடிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் சிறந்த புதுமுகமும் அவர்தான்.

லாஸ் வேகாஸ் மைதானம் எங்கே வருகிறது? எப்படி இருக்கும்?

1957-ல் திறந்த ட்ராபிகானா ஹோட்டல் இருந்த இடத்தில். 2024 ஏப்ரலில் ஹோட்டலை மூடி, அக்டோபர் 9 விடியற்காலையில் வாணவேடிக்கை சகிதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு விஷயம்: சூதாட்ட ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் அந்த 'ஸ்ட்ரிப்' சாலைப் பகுதி, லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. நிர்வாகம் கிளார்க் கவுன்டியுடையது (நம் மாவட்டம் மாதிரி).

முதலில் பேசியது 49 ஏக்கர். பிறகு மாறி வந்தது 9 ஏக்கர், 35 ஏக்கர் மனையின் ஒரு மூலை. அதில் 33,000 பேருக்கு நிரந்தரக் கூரையோடு, ஏ.சி. போட்ட மைதானம். டென்மார்க்கின் பியார்க்கே இங்கெல்ஸ் நிறுவனம் வரைந்தது. ஒன்றின் மேல் ஒன்று கவிந்த ஐந்து ஓடுகள். வெற்றிக்கொடிகள் என்கிறார் வடிவமைப்பாளர், அர்மடில்லோ என்கிறார்கள் பார்த்தவர்கள். நம் அழுங்கு சுருண்டு படுத்தால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி. ஸ்ட்ரிப் பக்கம் பார்த்து ராட்சதக் கண்ணாடிச் சுவர் ஒன்றும் உண்டு.

பணம் யார் போடுகிறார்கள்?

மக்கள் பணம் அதிகபட்சம் 38 கோடி டாலர். அதில் 18 கோடி மாநிலத்தின் வரிச்சலுகை, சுமார் 12 கோடி கவுன்டியின் கடன் பத்திரம். ஃபுட்பால் மைதானத்துக்கு இதே ஊர் 75 கோடி கொடுத்ததை நினைத்தால் இது குறைவுதான். மீதி முழுக்க ஃபிஷர் தலையில். கவலைப்பட வைப்பது அந்த மீதிதான்: மைதானச் செலவு 150 கோடியில் தொடங்கி, 175 ஆகி, 200 கோடி டாலருக்கு வந்துவிட்டது. 30 கோடி வங்கிக் கடன், 110 கோடி வரை குடும்பப் பணம் என்று 2024 டிசம்பரில் கணக்குக் காட்டினார்கள். ஏறிய செலவுக்கு அணியின் பங்குகளை விற்றுத் திரட்டுவதாகத் திட்டம். வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்?

நெவாடா ஆசிரியர் சங்கத்தினர் இந்த ஒதுக்கீட்டை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று மனு போட்டார்கள். மனுவின் வாசகம் சரியில்லை என்று 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

2028-ல் திறந்துவிடுமா?

2025 ஜூன் 23 அன்று பூமி பூஜை மாதிரி ஒரு விழா நடத்தி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 30 வருஷம் ஊரைவிட்டுப் போகமாட்டோம் என்ற ஒப்பந்தமும் ஆகிவிட்டது. இனி பின்வாங்குவது கடினம், கட்டிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். தேதியைத்தான் நம்பமாட்டேன். சேக்ரமென்டோ ஒப்பந்தத்தில் 2028-க்கும் இடம் விட்டு வைத்திருப்பதைக் கவனியுங்கள், அவர்களுக்கே ஒரு சந்தேகம் உண்டு. மைதானத்தைச் சுற்றி மீதி நிலத்தில் பாலீஸ் என்ற சூதாட்ட ஹோட்டல் நிறுவனம் கட்டுவதாகச் சொல்லும் ஹோட்டல் எப்போது எழும்பும் என்பது வேறு கதை.

லாஸ் வேகாஸில் கூட்டம் வருமா?

சுற்றுலாப் பயணிகள் வருஷத்துக்கு சுமார் 4 கோடி பேர். ஹாக்கி, ஃபுட்பால் இரண்டும் அங்கே நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் ஃபுட்பாலுக்கு உள்ளூர் ஆட்டம் சீசனுக்கு எட்டோ ஒன்பதோதான். வெளியூர் ரசிகர் வார இறுதிக்கு விமானம் ஏறி வந்துவிடுவார். பேஸ்பாலுக்கு 81. செவ்வாய்க்கிழமை ராத்திரி, எதிரணி சுமார், அன்று அந்த 33,000 நாற்காலியில் உட்காரப் போவது யார்? உள்ளூர்க்காரர்தான் வர வேண்டும். அவர் பகல் ஷிஃப்ட்டா, ராத்திரி ஷிஃப்ட்டா என்பதைப் பொறுத்தது அது. டி.வி. சந்தையும் ஓக்லாந்து வட்டாரத்தை ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது. அமெரிக்காவின் பெரிய சந்தைகளில் ஒன்றை விட்டுவிட்டுச் சிறிய சந்தைக்குப் போவது என்ன வியாபாரம் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

கோலிசியம் இப்போது என்ன ஆயிற்று? ஓக்லாந்தில் இனி பேஸ்பாலே கிடையாதா?

கோலிசியத்தில் 2025-ல் ரூட்ஸ் என்ற கால்பந்து அணி ஆடியது. அத்லெட்டிக்ஸ் தன் பாதிப் பங்கை உள்ளூர் கறுப்பினத் தொழில்முனைவோர் குழு ஒன்றுக்கு 12.5 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. நகரத்தின் பாதியும் அதே குழுவுக்கே. பத்திரம் முடிவதுதான் இழுத்துக்கொண்டே போகிறது.

பேஸ்பால் இருக்கிறது. ஓக்லாந்து பாலர்ஸ் என்று ஒரு புது அணி, பயனியர் லீக்கில். சின்ன லீக், சின்ன சம்பளம். மேற்கு ஓக்லாந்தில் ரைமான்டி பார்க் என்ற பழைய பொதுப் பூங்காவைச் சீர்செய்து 2024-ல் ஆடத் தொடங்கினார்கள். ரசிகர்களே பத்து லட்சம் டாலருக்கு மேல் போட்டுப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது வருஷமே, 2025-ல், லீக் கோப்பையை ஜெயித்தார்கள். நெஞ்சில் ஊர்ப் பெயர் இருக்கிறது.